ஏற்காடு ரோட்டில் லக்சுரி ஹைபிரிட்: கொடுக்கும் காசுக்கு வொர்த்தா?

சேலத்தில் இருந்து ஏற்காடு போக 20 கொண்டை ஊசி வளைவுகள். 'ஹைபிரிட் எடு, மலைல செம மைலேஜ்' என்று நண்பர்கள் சொல்லியிருப்பாங்க. இந்தியாவில் லெக்சஸ் விற்கும் எஸ்யூவிகளில் சின்னது என்எக்ஸ் 350எச். விலை 60 லட்சத்தைத் தாண்டும். வாங்கலாமா?

மலையில் என்ன நடக்கும்?

ஏற்றத்தில் பெரும்பாலும் பெட்ரோல் என்ஜின்தான் உழைக்கும். இறக்கத்தில் மோட்டார் மின்சாரம் தயாரித்து பேட்டரியில் சேர்க்கும். ஆனால், 2 டன் வண்டி சுமார் 1,200 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஆறரை யூனிட். உராய்வில் கொஞ்சம் போனாலும், ஒன்றிரண்டு யூனிட் மட்டுமே கொள்ளும் பேட்டரி பாதி வழியிலேயே நிரம்பிடும். மிச்சம் வெப்பமாக வீண்தான். ஹைபிரிட்டின் நிஜ லாபம், நின்று நின்று நகரும் சிட்டி டிராஃபிக்கில்.

காசுக் கணக்கு

ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுறீங்கன்னு வைப்போம். சாதா பெட்ரோல் லக்சுரி எஸ்யூவி லிட்டருக்கு 11 கி.மீ., ஹைபிரிட் 17 கி.மீ. தந்தால், மிச்சம் 385 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 38,500 ரூபாய். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு சாலை வரி 20 சதவீதம். அதுவே 12 லட்சத்துக்கு மேல்!

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடல்களும் இதே உத்திதான். விலை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சொகுசும் அமைதியும் வேணும், பணமும் இருக்கு என்றால் தாராளமா வாங்குங்க. பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இ.எம்.ஐ.யில் மாட்டிக்காதீங்க.