மீண்டு வந்தோரின் சேவைக்கு உரிய மதிப்பு

போதைப்பொருளுக்கு எதிரான நடவடிக்கை என்றதும் கைது செய்யப்பட்டோரின் எண்ணிக்கையும் கைப்பற்றப்பட்ட ஹெரோயின், ஐஸ் ஆகியவற்றின் நிறையுமே எமது நினைவுக்கு வருகின்றன. 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை ஆரம்பிக்கப்பட்டபோது நாள்தோறும் இத்தகைய கணக்குகளே வெளியிடப்பட்டன. 2025 ஒக்டோபர் 30ஆம் திகதி 'முழு நாடுமே ஒன்றாக' என்ற தேசிய செயற்றிட்டம் ஜனாதிபதியினால் தொடக்கி வைக்கப்பட்டது. எனினும், போதையின் பிடியிலிருந்து விடுபட்டு, இன்று தமது ஊருக்குப் பயன்படும் விதத்தில் வாழ்வோர் எத்தனை பேர் என்ற கணக்கை எவரும் கேட்பதில்லை. இது பற்றிச் சிந்திக்க வேண்டிய தருணம் வந்துவிட்டதாக நாம் கருதுகிறோம்.

மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் மாவட்டம் இது. ஒருபுறம் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள்; மறுபுறம் நாட்டின் பல திசைகளிலிருந்தும் லொறிகள் வந்து சேரும் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம். தோட்டக் குடும்பங்களின் வருமானத்தை மதுவும் கசிப்பும் விழுங்கிவருவது புதிய செய்தியல்ல. ஐஸ் என்ற பெயரைக் கேட்டாலே பிள்ளைகளைப் பெற்றோர் கலங்கும் நிலையும் இப்போது தோன்றியுள்ளது.

இந்தப் பழக்கத்தை விட்டொழித்த ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது நடப்பதென்ன? திருவிழாவுக்கு முன்னர் கோயில் வளவைத் துப்புரவு செய்ய அவர் வருகிறார். பள்ளிவாசல் சிரமதானத்தில் மண்வெட்டி பிடிக்கிறார். மரண வீட்டில் இரவு முழுவதும் கண்விழிக்கிறார். இவை யாவும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. ஆனால், மரண உதவிச் சங்கத்திற்குப் பொருளாளர் ஒருவரைத் தெரிவு செய்யும்போது அவருடைய பெயரை முன்மொழிய ஒருவரும் இருப்பதில்லை. அவர் வேலைக்கு வேண்டும், சபைக்கு வேண்டாம் என்பதே எமது ஊர்களின் எழுதப்படாத சட்டமாக இருக்கிறது.

போதைக்கு அடிமையாதல் சிகிச்சை தேவைப்படும் ஒரு நோய் நிலை என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலத்துக்கு முன்னரே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதிலிருந்து மீள்வது ஒரு நாளில் முடியும் காரியமல்ல. உடல் தெளிந்த பின்னரும் தனிமையும் வேலையின்மையும் ஊராரின் இளக்காரப் பார்வையும் ஒருவரைப் பழைய கூட்டாளிகளிடமே தள்ளிவிடக் கூடும். தான் பிறருக்குத் தேவைப்படுகிறேன் என்ற உணர்வு அதற்கு எதிரான வலுவான அரண்களில் ஒன்றாகும். ஆகவே, அவருடைய சேவையை மதிப்பது வெறும் உபசாரமல்ல. அது சிகிச்சையின் தொடர்ச்சியேயாகும்.

எமது நாட்டின் சட்டத்தில் இதற்கான ஒரு வாசல் ஏற்கெனவே உண்டு. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சிறைத்தண்டனைக்குப் பதிலாகச் சமுதாய அடிப்படையிலான சீர்திருத்தக் கட்டளையை வழங்க நீதிமன்றங்களால் முடியும். அவ்வாறு கட்டளையிடப்பட்டோர் பொது இடங்களில் ஊதியமின்றிப் பணியாற்றுகின்றனர். சிறைக்கூடங்கள் நிரம்பி வழியும் நாட்டில் இது வரவேற்கத்தக்க ஏற்பாடாகும். ஆயினும், அந்த உழைப்பு தண்டனையாகவே தொடங்கித் தண்டனையாகவே முடிந்துவிடுகிறது. கட்டளைக்காலம் முடிந்த பின்னரும் விரும்பி வந்து பணியாற்றும் ஒருவருக்கு நன்றி சொல்லவோ பொறுப்பொன்றை வழங்கவோ அதன் பின்னர் ஒழுங்கான வழியெதுவும் இல்லை.

'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியையும் இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியாது. தமிழ், முஸ்லிம் மக்களின் செவியில் அச்சொல் அச்சத்துடனேயே ஒலிக்கிறது. 2022இல் முன்வைக்கப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைக்கு அடிமையானோரையும் முன்னாள் போராளிகளையும் தீவிரவாதக் குழுக்களைச் சேர்ந்தோர் எனக் கருதப்படுவோரையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது. உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்தையடுத்தே அது திருத்தப்பட்டு 2023 ஜனவரியில் நிறைவேறியது. கந்தக்காடு நிலையத்திலிருந்து 2022 ஜூனில் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய சம்பவமும் மறக்கத்தக்கதல்ல. கட்டாயப் புனர்வாழ்வு நிலையங்களை மூடுமாறு ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் வலியுறுத்தினர். நோயாளியைக் கைதியாக நடத்திவிட்டு, அவர் நல்ல பிரஜையாகத் திரும்பி வருவார் என எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

மறுபுறம், கௌரவிப்பு என்ற பெயரில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் புகைப்படம் பிடிப்பதும் தீர்வாகாது. 'முன்னாள் போதை அடிமை' என ஒலிபெருக்கியில் அறிமுகம் செய்யப்படும் ஒருவர் அப்பட்டத்தை ஆயுள் முழுவதும் சுமக்க நேரிடும். நாளை அவர் சறுக்கினால் அதுவே ஊரின் ஏளனப் பேச்சாகிவிடும். திருமணப் பேச்சில் இருக்கும் அவருடைய சகோதரியும் அதன் விலையைச் செலுத்துவாள்.

இவ்விடயத்தில் 1935இல் அமெரிக்காவில் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனொனிமஸ்' இயக்கத்தின் அனுபவம் சிந்தனைக்குரியது. குடியிலிருந்து மீண்டோர் தமது பெயரை வெளியிடாமல் ஒருவருக்கொருவர் உதவுவதே அதன் நெறி. 1951இல் அவ்வியக்கத்துக்கு லாஸ்கர் விருது கிடைத்தபோது அது கூட்டாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால், மூன்று ஆண்டுகளின் பின்னர் அதன் தாபகர்களில் ஒருவரான பில் வில்சனுக்கு யேல் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்க முன்வந்தபோது அவர் அதனை மறுத்துவிட்டார். சேவை மதிக்கப்படலாம், தனிமனிதன் காட்சிப்பொருளாகக் கூடாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

தமிழகத்தில் சாந்தி ரங்கநாதன் குடிப்பழக்கத்தினால் கணவரை இழந்த துயரின் பின்னர் 1980இல் சென்னையில் சிகிச்சை நிலையமொன்றை ஆரம்பித்தார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிகிச்சை அளிப்போரை உலகம் மதிப்பது முறையே. சிகிச்சை பெற்று எழுந்து, அடுத்தவரைக் கைதூக்கி விடுவோரும் மதிப்புக்குரியோர் அல்லவா?

எனவே மாத்தளையின் பிரதேச செயலகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சில எளிய காரியங்களைச் செய்யலாம். பாராட்டுவதாயின் பழைய பழக்கத்தைப் பேசாது, செய்த பணியைப் பெயரிட்டுப் பாராட்டட்டும். பெயர் வெளிவர வேண்டுமா என்பதைச் சம்பந்தப்பட்டவரே தீர்மானிக்கட்டும். பாராட்டுப் பத்திரத்துடன் நின்றுவிடாது சங்கத்தில் ஒரு பொறுப்பும் கடையிலோ தோட்டத்திலோ ஒரு தொழிலும் கிடைக்கட்டும். பழைய வழக்கொன்றைக் காரணங்காட்டியே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடும் வழக்கத்தைத் தொழில் வழங்குவோர் கைவிடட்டும். குடும்ப மானத்தின் பெயரால் இருமடங்கு மறைக்கப்படும் பெண்களையும் மறந்துவிடலாகாது. ஒருவர் மீண்டும் சறுக்கினால் அவரைத் துரத்தாமல் மறுபடியும் சிகிச்சைக்கு அனுப்பும் பக்குவமும் வேண்டும். தௌபா செய்து திருந்தியவரின் பழைய குற்றத்தைக் கிளறுவதை இஸ்லாம் ஏற்பதில்லை. திருந்தி வந்தவருக்கு எமது ஆலயங்களும் கதவடைப்பதில்லை.

மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் தேர் வடத்தைப் பற்றும் கைகள் நேற்று என்ன செய்தன என்று எவரும் விசாரிப்பதில்லை. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பவரின் கடந்த காலத்தை அருகில் நிற்பவர் கேட்பதுமில்லை. வழிபாட்டில் நாம் வழங்கும் இந்தச் சமத்துவத்தைச் சங்கக் கூட்டத்திலும் தொழிலிடத்திலும் வழங்க ஏன் தயங்க வேண்டும்? மீண்டு வந்தவர்கள் எம்மிடம் கேட்பது அனுதாபத்தையல்ல, ஓர் இடத்தையே. அதனை வழங்குவது எமது கடமையாகும்.