மலபார் வீதிக்கு ஒரு கல்!

இலண்டன் மாநகரிலே, முடிமன்னரின் அணிவகுப்புக் குதிரைப்படைக்கென ஹைட் பார்க்கிலே 1795ஆம் ஆண்டிலேயே பாசறை எழுந்தது. அதே நிலத்திலே 1970இல் அடுக்குமாளிகையாகப் புதியதை எழுப்பினர். குதிரைக்குக் கூட அங்கே முகவரி உண்டு!

நம் கண்டியிலே நிலை என்ன? 1739 முதல் 1815 வரை அங்கே அரசோச்சியோர் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் வழியினர். அவர்தம் காவற்படையிலே தென்னாட்டுத் தமிழரும் மலாயரும் நின்றனர். மலைநாட்டிலே குதிரைப்படை பெருகவில்லை. யானையே அரச வரிசை. அந்த யானைத் தலைவரின் பதவி இன்றும் வாழ்கிறது. கஜநாயக்க நிலமே பெரஹராவிலே அங்குசம் ஏந்தி வருகிறார். மகிழ்ச்சி. ஆனால், மன்னனைக் காத்தோர் தங்கிய பாசறை எங்கே? காட்டுவார் யார்?

அரசியர் நீராடிய மண்டபம் வெள்ளையர் கையிலே நூலகமாயிற்று. பின்னர் பொலிஸ் நிலையமாயிற்று. ஆங்கிலப் படையினரின் கல்லறைத் தோட்டமோ செவ்வனே பேணப்படுகிறது. இறந்தோரைப் பேணுவதை நாம் பழிக்கவில்லை. நம்மவர்க்கு மட்டும் ஏன் இல்லை என்பதே வினா.

நாயக்கர் சுற்றத்தார் வாழ்ந்த தெருவுக்கு மலபார் வீதி என்ற பெயராவது எஞ்சியுள்ளது. 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கையிலே பிரதானிகள் சிலர் தமிழெழுத்திலே ஒப்பமிட்ட ஊரன்றோ அது! பாசறை கிட்டாவிடின், தொல்பொருள் திணைக்களம் அவ்வீதி முகப்பிலேனும் காவற்படையின் வரலாற்றை மும்மொழியிலும் பொறித்துக் கல் நாட்டட்டும். தேர்தல்தோறும் கண்டிக்கு வந்து மாலை சூடும் நம் பிரதிநிதிகள் இதற்கென எழுதிய மனுக்கள் எத்தனை?