பழைய கார் வாங்கப் போறீங்களா? ‘டோட்டல் லாஸ்’ கதையைக் கேளுங்க!

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் உள்ள ஐ.டி.வி மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த கார் ‘டோட்டல் லாஸ்’. உரிமையாளருக்கு இழப்பீடு போய்விடும்; கார் ஏலத்துக்குப் போகும். ஆர்.சி ரத்தாகாவிட்டால், அதே கார் பளபளப்பாகி மறுபடி விற்பனைக்கு வரலாம். வத்திராயிருப்பில் அதை வாங்குபவருக்கு இந்தக் கதை தெரியாது.

எம்-பரிவாஹன் ஆப்பில் ஆர்.சி நிலையும் இன்சூரன்ஸ் முடியும் தேதியும் தெரியும். க்ளெய்ம் விவரம் தெரியாது. என்ன செய்யலாம்?

* பழைய பாலிசியில் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ எவ்வளவு என்று பாருங்கள். தொடர்ந்து 5 வருடம் க்ளெய்ம் இல்லையென்றால் 50 சதவிகிதம் இருக்கும். பூஜ்யம் என்றால் காரணம் கேளுங்கள். சமீபத்தில் கை மாறிய காரிலும் பூஜ்யம் இருக்கலாம்.

* க்ளெய்ம் விவரத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கித் தரும்படி உரிமையாளரிடம் கேளுங்கள்.

* சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக் கறை தெரிகிறதா? ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு இருக்கிறதா?

உரிமையாளர் தயங்கினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.