ஒரே ஓர் உருப்படி

பள்ளி ஆண்டு விழா நிரலில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஓர் உருப்படி ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் சிறப்பு விருந்தினர் கிளம்புவதற்குள், படமெடுக்கத் தோதான நேரத்தில். ஆடி முடித்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். அப்புறம் அந்தப் பிள்ளைகள் கீழே வந்து உட்கார்ந்து, நாடக வசனம், பரிசு அறிவிப்பு, நன்றியுரை எதுவும் விளங்காமல் விழா முடியும்வரை மேடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பங்கேற்பு என்று பெயர்.

பள்ளிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைத் தரச் சொல்கிறது. ஆனால் ஒரு முதல்வர் தனியாளாக என்ன செய்வார்? சைகை மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு. நீண்ட நிகழ்ச்சிக்கு ஒருவர் போதாது. கை ஓய்வதற்குள் மனம் ஓய்ந்துவிடும், இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டும். செலவு உண்மையானது.

தில்லியின் கோல் மார்க்கெட் வட்டாரத்தில் இதற்கு வழி இருக்கிறது. அந்த வட்டச் சந்தையை அடுத்த மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி, ராய்சினா வங்காளிப் பள்ளி, ஹார்கோர்ட் பட்லர் பள்ளி என்று ஒரே சாலையில் எத்தனை பள்ளிகள்! தேதி மோதாமல் விழாக்களை வைத்தால் ஒரே மொழிபெயர்ப்பாளர் இணையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். அவர்களுக்குப் பயிற்சி தரும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015 முதல் இதே தில்லியில் இயங்குகிறது. பணத்துக்குப் பெற்றோர் சங்கமும் கடைக்காரர்களும் கைகொடுக்கலாம்; பொன்னாடை, நினைவுப் பரிசுச் செலவைக் கொஞ்சம் குறைத்தாலே ஒரு பகுதி தேறும். தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியை விடாமல் படிக்க வேண்டும் என்று 1923இல் கழகம் கண்ட சமூகம் இது. மொழி எட்டாத பிள்ளையின் தவிப்பை இதற்கு விளக்க வேண்டியதில்லை.

காசே ஆகாத வேலைகளும் உண்டு. நாடகப் பிரதியை ஒரு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பது. மேடை இருளும்போதும் அவர் மீது விளக்கு எரிவது. முடிந்தால் மரப்பலகை மேடை. பறையின் அதிர்வு உள்ளங்காலுக்கு வரும், சிமெண்டுத் தரையில் அது அவ்வளவாக வராது.

2004 ஏதென்ஸ் பாராலிம்பிக் நிறைவு விழாவில் சீனாவின் 21 காது கேளாத கலைஞர்கள் ‘ஆயிரங்கை’ நடனம் ஆடினார்கள். மேடையோரம் நின்றவர்கள் சைகையால் தாளம் காட்டினார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. நம் பள்ளிகளில் காது கேட்கும் பிள்ளைகளும் பக்கத் திரைக்குப் பின்னால் நிற்கும் டீச்சரின் கையைப் பார்த்துத்தானே ஆடுகிறார்கள்! ஆகவே தனி உருப்படியே தேவையில்லை. கோலாட்டத்தில் கலந்தே ஆடட்டும். தொகுப்பாளராகவும் ஒரு காது கேளாத மாணவி நிற்கட்டும், அவள் சைகைக்கு இன்னொருவர் குரல் கொடுக்கட்டும்.

தீபாவளி விடுமுறை முடிந்தால் ஒத்திகை சூடுபிடித்துவிடும். அதற்குள் ஒரு சனிக்கிழமை முதல்வர்களும் பெற்றோர் சங்கத்தினரும் கூடித் தேதிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்துக்கே காது கேளாத மாணவர்களையும் அழைக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரோடு.