ஏரியை எட்டாமல் திரும்புவது தோல்வியா?



எடுத்த செயலை முடிக்காமல் விடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு நாம் ஓயாமல் சொல்லி வருகிறோம். நல்ல அறிவுரைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், எந்த இடத்தில் நிறுத்தித் திரும்ப வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் கற்பிக்கிறோம்? இந்தக் கேள்வி என் மனத்தில் ஆழப் பதிந்த இடம் வகுப்பறையன்று. பனி மூடிய ஒரு மலை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. 1915-இல் அமைக்கப்பட்ட பூங்கா அது. அங்கே பேர் ஏரி என்னுமிடத்திலிருந்து ஒரு பாதை மேலேறுகிறது. நிம்ஃப் ஏரி, ட்ரீம் ஏரி ஆகிய இரண்டையும் கடந்து, எமரால்டு ஏரியில், அதாவது மரகத ஏரியில், அது முடிகிறது. ஒரு வழித் தொலைவு ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். கோடையில் சிறுவர்களும் நடந்துவிடுவர். குளிர்காலத்திலோ அது வேறு உலகம்! பாதை பனிக்குள் புதைந்துவிடும், ஏரிகள் உறைந்துவிடும். மரகத ஏரி கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. நம் கினாபாலு மலையில் ஏறுவோர் இரவு தங்கும் லாபான் ராத்தாவைவிடச் சற்றே தாழ்ந்த உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கும்.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், பள்ளி ஆண்டிறுதி விடுமுறையின்போது, அங்கு வாழும் என் தம்பி, அவனுடைய பத்து வயது மகள், நான் ஆகிய மூவரும் அப்பாதையில் நடந்தோம். காலில் ‘ஸ்னோஷூ’ எனப்படும் பனிமிதியடி. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மரச்சட்டத்தில் தோல்வார் பின்னி உருவாக்கிய அரிய கருவி அது. இன்று அலுமினியத்திலும் நெகிழியிலும் செய்கிறார்கள். உடல் எடையை அகலமான பரப்பில் பரப்பிவிடுவதால் கால் பனியில் ஆழப் புதைவதில்லை. அடியிலுள்ள இரும்புப் பற்கள் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

ட்ரீம் ஏரியை அடைந்தபோது காற்று வலுத்தது. தரையில் கிடந்த பனித்துகள் கிளம்பி எதிரிலிருந்த மலையை மறைத்தது. “அத்தை, கால் விரல் மரத்துப் போச்சு” என்றாள் பிள்ளை. புறப்படும்போதே நாங்கள் ஓர் உடன்பாடு செய்திருந்தோம்: மூவரில் ஒருவருக்கு முடியாமற்போனாலும் மூவரும் திரும்ப வேண்டும். தம்பி ஒரு சொல்லும் பேசாமல் வந்த வழியே திரும்பினான். மரகத ஏரிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் அளவே எஞ்சியிருந்தது.

ஊர் திரும்பியதும் உறவினர் பலர் கேட்டது ஒன்றுதான். “அவ்வளவு பணம் செலவழித்துப் போய், ஏரியைப் பார்க்காமலா வந்தீர்கள்?” அன்று இறங்கி வரும் வழியில் அந்தப் பிள்ளையும் கேட்டாள், “அப்படின்னா நாம தோத்துட்டோமா?” என்று. ‘இல்லை’ என்று சுருக்கமாக அவளிடம் சொன்னேன். உறவினர்க்கான விரிவான விடை இது.

முதலாவது, உறைந்த ஏரி என்பது சிமெண்டுத் தரையன்று. நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே தங்கி முதலில் உறைகிறது. எனவே, மேலே பனிக்கட்டியும் கீழே நீருமாகத்தான் ஏரி இருக்கும். ஒருவர் நடப்பதற்குத் தெளிந்த, திண்ணிய பனிக்கட்டி குறைந்தது 10 செண்டிமீட்டர் தடிப்பாவது வேண்டும் என்பது பரவலான அறிவுரை. வெண்மையாகத் தோன்றும் பனிக்கட்டிக்கு அதில் பாதி வலிமையே உண்டு. ஓடை வந்து சேரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஓட்டத்தினால் பனிக்கட்டி மெலிந்திருக்கும். மேலே படிந்த பனியோ கம்பளிபோல் குளிரைத் தடுத்து, உறைவதைத் தாமதப்படுத்தும். ஒரே ஏரியில் பத்தடிக்குப் பத்தடி நிலைமை மாறும். ‘நீர் சுழியம் பாகையில் உறையும்’ என்று ஒற்றை வரியில் நாம் மனப்பாடம் செய்விக்கும் பாடம் அங்கே போதாது!

இரண்டாவது, பனிச்சரிவு. மரகத ஏரி செங்குத்தான சரிவுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கின் முடிவில் உள்ளது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு மிகுதியாக நிகழ்கிறது. காற்று பனியை வாரிச் சென்று மலையின் மறைவுப் பக்கத்தில் பாளமாகக் குவித்துவிடும். அப்பாளம் ஒரு மனிதரின் எடைக்கே உடைந்து சரியக்கூடும். உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை, சிக்கியவராலோ அவருடன் சென்றவராலோ தூண்டப்பட்டவையே. அதனால்தான் கொலராடோவில் பனிச்சரிவுத் தகவல் மையம் குளிர்காலத்தில் நாள்தோறும் ஐந்து நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. தம்பி அன்று காலையில் அதைப் படித்துவிட்டே புறப்பட்டான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எச்சரிக்கை தருகிறார்கள், வானிலை சொல்கிறார்கள். ஆனால், ‘இன்று நீ போகலாம்’ என்று எவரும் உறுதிச்சீட்டு எழுதித் தருவதில்லை. முடிவு நடப்பவருடையது. அந்த முடிவை எடுக்கும் அறிவைத்தான் கல்வி என்கிறேன்.

1909 சனவரி 9-ஆம் நாள், எர்னசுட்டு சேக்கிள்டன் தென்துருவத்திற்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் நின்றார். அதுவரை எவரும் துருவத்திற்கு அவ்வளவு அருகே சென்றதில்லை. உணவு குறைந்திருந்தது. சென்றால் திரும்ப முடியாது என்று கணித்துத் திரும்பினார். நால்வரும் உயிருடன் மீண்டனர். அவரைத் தோற்றவர் என்று யாரேனும் சொல்வார்களா?

‘இப்படிச் சொன்னால் பிள்ளைகள் கோழைகளாகிவிடுவார்கள்’ என்பாரும் உளர். நான் ஏற்கவில்லை. போகாமல் வீட்டில் இருப்பது வேறு. போய், பார்த்து, அறிந்து திரும்புவது வேறு. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும் பருத்தியாடையைத் தவிர்த்தோம், அடுக்கடுக்காக உடுத்தினோம், மாற்றுக் காலுறையும் சூடான நீரும் எடுத்துச் சென்றோம். இத்தனை ஆயத்தமும் செய்தவர்களுக்கே திரும்பும் துணிவு வரும். ஆயத்தமின்றிச் செல்பவர்க்குத் திரும்ப வேண்டிய இடமே தெரியாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு நாள் பாடத்திட்டம் எழுதக் கற்றுத் தந்தனர். அதன் இறுதியில் ‘சிந்தனை மீட்சி’ என்றொரு பகுதி உண்டு. அன்றைய நோக்கம் நிறைவேறவில்லையா? காரணத்தை எழுதி, மறுநாள் மீண்டும் போதிக்கலாம். ஆசிரியருக்கு இந்த வாய்ப்பை வழங்கிய நாம், மாணவருக்கு வழங்குகிறோமா? 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. ஆனால், ‘எட்டினாயா, இல்லையா?’ என்ற ஒற்றைக் கேள்வி நம் இல்லங்களிலிருந்து நீங்கவில்லையே!

நம் நாட்டில் பனியில்லைதான். ஆனால், அருவிகளில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு உண்டு. நாம் குளிக்குமிடத்தில் வெயில் அடிக்கும். மேல்மலையில் பெய்த மழை நொடிகளில் வந்து சேரும். நீர் கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும் அதன் அறிகுறிகள். ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று சொல்லும் நண்பர்களுக்கு நடுவே, ‘நான் கரையேறுகிறேன்’ என்று சொல்லும் பிள்ளை ஏளனத்துக்கு ஆளாகக்கூடாது. பாராட்டப்பட வேண்டும்.

எனவே, பள்ளிப் புறப்பாட நடவடிக்கைகளிலும் குடும்பச் சுற்றுலாக்களிலும் ஒரு வழக்கத்தை உண்டாக்குவோம். புறப்படும் முன்பே, எந்த நிலை வந்தால் திரும்புவது என்பதைப் பிள்ளைகளையும் உடன்வைத்துப் பேசி முடிவெடுப்போம். அவர்களில் மிக இளையவர் ‘போதும்’ என்றாலும் அச்சொல்லுக்கு மதிப்பளிப்போம். ஏரி அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும். அதைக் காண நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.