ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய்?

பி.காம். படித்தவனுக்கு ஊரில் இரண்டு மரியாதை உண்டு. ஒன்று, ஜூலை மாதம் வருமான வரி பாரம் நிரப்பக் கூப்பிடுவார்கள். இன்னொன்று, யாராவது வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கூப்பிடுவார்கள். போன மாதம் எனக்கு இரண்டாவது மரியாதை கிடைத்தது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் என் சிநேகிதன் சேல்ஸ்மேன். ஃபோன் பண்ணினான்.

"மச்சான், யாழ்ப்பாணத்துலேர்ந்து கூறைப்புடவை எடுக்க வந்திருக்காங்க. அவங்க காசுல எவ்வளவுன்னு கேக்கறாங்க. கொஞ்சம் வாயேன்."

"செல்போன்ல தட்டினா வந்துடுமேடா?"

"தட்டினேன். வந்த நம்பரைப் பார்த்து எனக்கே பயமாயிடுச்சு. நீ வந்து சொல்லு, பழி உன்னோட போகட்டும்."

போனேன். கல்யாணப் பெண், அவளுடைய மாமா, எண்பதைத் தொட்ட அம்மம்மா. நடுவில் அரக்குச் சிவப்பில் ஒரு கோர்வைப் புடவை. விலை 20,000.

"ஒரு இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரை இலங்கை ரூபாய். எழுபதாயிரம் ஆகும்" என்றேன். மாமா புடவையைத் தொட்டிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

சிநேகிதன் என் காதில் கிசுகிசுத்தான். "நம்ம ரூபாய் அவ்வளவு ஸ்ட்ராங்கா?" இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டான். கிசுகிசுப்பு பாட்டி காதில் விழுந்துவிட்டது.

"தம்பி, எனக்குக் கலியாணம் அறுபத்தஞ்சாம் ஆண்டு. என்ட கூறையும் காஞ்சிபுரந்தான். முந்நூறு ரூபா."

"இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா பாட்டி?"

"அப்ப ரெண்டும் ஒண்டுதானே!"

பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புழங்கியதே நம் வெள்ளி ரூபாய்தான். நாம் அணாவும் பைசாவும் எண்ணிக்கொண்டிருந்தபோதே அவர்கள் 1872ல் ரூபாயை நூறு சதமாக்கிவிட்டார்கள். நமக்கு நயா பைசா வர 1957 ஆயிற்று. 1950ல் கொழும்பில் மத்திய வங்கி வந்த பிறகும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு மாறவில்லை. டாலருக்கு அவர்களும் 4.76, நாமும் 4.76.

முதலில் சறுக்கியது யார் என்கிறீர்கள்? நாம்தான் ஸார்! வறட்சி, யுத்தச் செலவு, கையில் டாலர் இல்லை. 1966 ஜூன் 6ஆம் தேதி இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 7.50. அதாவது 100 இலங்கை ரூபாய்க்கு நம் ரூபாய் 157! மறு வருஷம் நவம்பரில் அவர்களும் இருபது சதவிகிதம் குறைத்தார்கள். அப்போதும் அவர்களுடைய நூறு, நம்முடைய 126. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் முறை அன்றைக்கு அவர்களுடையது.

1977 நவம்பரில் ஜெயவர்த்தனா அரசு ரூபாயைச் சந்தையின் போக்கில் விட்டது. டாலர் ஒரேயடியாக 16 ரூபாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. இங்கே அது ஒன்பதுக்கும் கீழே. அன்று மாறிய தராசுத் தட்டு இன்னும் திரும்பவில்லை.

அதற்காக நாம் நிமிர்ந்து நடக்க முடியாது. ஜரிகையில் தங்கம் கொஞ்சம் குறைந்தாலும் சண்டைக்கு நிற்கிற ஊர் நம்மூர். 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கம் 46.91 டன் இங்கிலாந்துக்கும் ஜப்பானுக்கும் அடகு போனது. அதே ஜூலை 1ஆம் தேதி ஒரு தரம், 3ஆம் தேதி இன்னொரு தரம் ரூபாயை இறக்கினார்கள்.

இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோது மாமா மெதுவாகச் சொன்னார். "இவளின்ட கலியாணத்துக்கெண்டு பாங்கில அஞ்சு லட்சம் போட்டு வச்சனான் தம்பி. இருபத்திரண்டில எல்லாம் போச்சு."

"ஐயோ, பாங்க் மூடிட்டாங்களா?" என்றான் சிநேகிதன்.

"இல்லை. காசு அப்பிடியே கிடக்கு."

சிநேகிதன் விழித்தான். பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2022 ஆரம்பத்தில் டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். இந்தப் புடவை அப்போது 53,000. நாட்டில் டாலர் வற்றிப்போய், பெட்ரோலுக்குக் கியூ நின்று, மார்ச்சில் மத்திய வங்கி பிடியை விட்டது. மே மாதம் டாலர் சுமார் 360. அதே புடவை 93,000! ஐந்து லட்சத்துக்கு ஒன்பது புடவை வாங்கியிருக்கலாம். நாலே மாதத்தில் ஐந்துதான் வாங்க முடியும். பாஸ்புக்கில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. நாலு புடவையைக் காணோம். பூட்டு உடையவில்லை, திருடன் வரவில்லை. எந்த போலீஸ் ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது?

சிநேகிதன் கை தானாகக் காலரிலிருந்து இறங்கியது.

கல்யாணப் பெண், "விலை குறைஞ்சதா வேற பாப்பம் மாமா" என்றாள். பாட்டி விடவில்லை.

"இதையே எடு பிள்ளை. என்ட கூறையை மூண்டு இடப்பெயர்வுக்கும் காவிக்கொண்டு திரிஞ்சனான். இண்டைக்கும் பெட்டிக்குள்ள கிடக்கு. அந்த முந்நூறு ரூபா இப்ப எங்க கிடக்கு?"

பொருளாதாரப் பேப்பரில் முப்பத்தெட்டு மார்க் வாங்கிய என்னிடம் இதற்குப் பதில் இல்லை. புடவை பில்லுக்குப் போனது. சிநேகிதன் முதலாளியிடம் ஓடிப்போய்ப் பேசி ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டு வந்தான். "மூவாயிரத்தைந்நூறு குறைச்சாச்சு பாட்டி!" என்று அவர்கள் காசிலேயே சொன்னான். பிழைக்கத் தெரிந்தவன்.

வீட்டுக்கு வந்ததும் ஓர் ஆசை. என் மாத வருமானத்தை மூன்றரையால் பெருக்கிப் பார்த்தேன். அடேயப்பா! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரொம்ப சந்தோஷம். அந்தப் பெருக்கின ரூபாயை எடுத்துக்கிட்டுப் போய் அரைக் கிலோ வெங்காயம் வாங்கிட்டு வாங்க" என்று பையை நீட்டினாள்.