திற்பரப்பில் உற்சாகக் குளியல்

குமரி மாவட்டத்தில் பயிற்சி நிருபராகச் சேருகிற பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுத ஒரு செய்தி உண்டு. மழை பெய்கிறது, கோதையாற்றில் வெள்ளம், திற்பரப்பு அருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்துக் கொட்டுகிறது, சுற்றுலாப் பயணிகள் உற்சாகக் குளியல். வெள்ளம் கூடினால் ‘குளிக்கத் தடை, பயணிகள் ஏமாற்றம்’. இரண்டு பத்தி, ஒரு படம். சோலி முடிந்தது.

அதே மழையில் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுபோகிறது. விடியுமுன் மரத்தில் கத்தி வைக்கிறவருக்கு அன்றைக்கு வேலையில்லை. வெட்டினால்தான் கூலி என்றிருப்பவருக்குக் காசும் இல்லை. குளிக்க முடியாதவரின் ஏமாற்றம் செய்தி. கூலி போனவரின் ஏமாற்றம் செய்தியில்லை. இது ஏன் இப்படி என்று கேட்காமலிருக்கப் பழக்குவதற்குப் பெயர்தான் பயிற்சி, தோழர்களே.

உள்ளூர்ச் செய்தி, மனிதநேயச் செய்தி என்றாலே சின்னச் சமாச்சாரம், புதுசாக வந்தவன் எழுதட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கை பழகுவது அங்கேதான். சாதி இந்துக்கள் சேரிக்குள் புகுந்து அடித்தால் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று எழுதவும், அடித்தவன் சாதியை ‘ஒரு பிரிவினர்’ என்று மூடிவைக்கவும், காலனிப் பக்கமே போகாமல் போலீஸ் ஸ்டேஷனிலேயே செய்தியை முடித்துக்கொள்ளவும் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். மனிதநேயத்துக்கு மட்டும் நாம் வேண்டியிருக்கிறது. குடிசையில் படித்து மார்க் வாங்கிய மாணவியைப் பார்த்து உருகி எழுதுவார்கள். அந்தக் குடிசைக்கு ஏன் இன்னும் பட்டா இல்லை என்று தாசில்தாரிடம் போய்க் கேட்க மாட்டார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்தது தெரியவந்தது. மாவட்ட ஆட்சியர் நேரில் போனார். டீக்கடையில் தனிக் குவளை, கோயிலுக்குள் விடுவதில்லை என்கிற சங்கதியெல்லாம் அப்போதுதான் பத்திரிகைக்கு வந்தது. அதுவரைக்கும் அந்தக் கடையில் டீ ஆற்றிக்கொண்டுதானே இருந்தார்கள்? நான் வேலை பார்க்கிற வங்கியில் எந்தத் தலைப்பிலும் சேராத தொகையைப் போட்டுவைக்க ‘சஸ்பென்ஸ் கணக்கு’ என்று ஒன்று உண்டு. அதைக்கூட ஆடிட்டர் விடமாட்டார், ஒருநாள் நேர்செய்தே ஆகவேண்டும். நம் ஊர்கள் கிடக்கிற கணக்குக்கு ஆடிட்டரே கிடையாது.

1996-இல், வெளிநாட்டு நிருபர் ஒருவர் கேட்டார் என்று பி.என். உனியால் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்களின் பட்டியலைப் புரட்டியும் ஒருத்தர்கூட அகப்படவில்லை. அதை ‘பயனியர்’ ஏட்டில் எழுதினார். 23 வருஷம் கழித்து, 2019-இல், ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் ஊடகங்களின் தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தன. 121 இடங்களில் 106-இல் உயர்த்திக்கொண்ட சாதியினர். தலித், ஆதிவாசி ஒருவரும் இல்லை. பயிற்சி கொடுக்கிறவர் இவர் என்றால் பெறுகிறவர் எப்படி எழுதுவார்?

2002-இல் உத்தரப்பிரதேசம் சித்திரகூடத்தில் ‘கபர் லஹரியா’ என்ற ஏட்டைக் கிராமத்துப் பெண்கள் தொடங்கினார்கள். பெரும்பாலும் தலித்துகள், அதிகம் படிக்காதவர்கள். தங்கள் பேச்சுமொழியிலேயே குழாய், ரோடு, ரேஷன், வன்கொடுமை என்று எழுதினார்கள். அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ படம் 2022-இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. உலகமே கைதட்டும்போது, படம் எங்களைச் சரியாகக் காட்டவில்லை என்று அந்தப் பெண்களே அறிக்கை விட்டார்கள். ஆஸ்கரைவிட அந்த அறிக்கைதான் நமக்கு முக்கியம்.

திற்பரப்புக்கே வருவோம். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். 12 கோயில்களில் மூன்றாவது திற்பரப்பு மகாதேவர். ‘கோவிந்தா, கோபாலா’ என்று ஓடிவருகிறவர்களின் படம் பத்திரிகையில் வரும். திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை இந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள் யார் யார்? அவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். பாட்டி என்ன சொன்னாள் என்று யாராவது போய்க் கேட்டோமா?

இதழியல் படிக்கிற, பத்திரிகைகளில் பயிற்சிக்குப் போகிற தோழர்களே, ஆசிரியர் வெட்டியெறிந்த செய்தி உங்கள் பையில் கிடக்கும். அதை எங்களுக்கு அனுப்புங்கள். ஊர், தேதி, சொன்னவர் யார், அதிகாரி என்ன பதில் சொன்னார், எல்லாம் இருக்கட்டும். பேரைச் சொன்னால் ஆபத்து என்கிறவர் பேரை மட்டும் விட்டுவிடுங்கள். ‘ஒரு பிரிவினர்’ வேண்டாம். அடுத்த இதழில் நான்கு பக்கம் இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். கவிதைகள் கொஞ்சம் காத்திருக்கட்டும், என்னுடையதும் சேர்த்துத்தான்.